முப்பரிமாண நல ஆய்வில் மிஞ்சிய ஜோதிகா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. சக்கரத்தைக் கண்டுபிடித்ததைப் பற்றியும் இருக்கின்றன. ஆனால் 2012-ஆம் ஆண்டு, மனிதக் கண்ணின் நலனுக்காகத் திருமழிசைத் தொழிற்பேட்டையில் நடந்த மாபெரும் ஆராய்ச்சியைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது.

ஆராய்ச்சியை நடத்திய பெருமை திரிலோக் டிஸ்ப்ளே நிறுவனத்தைச் சேரும். முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டி செய்வது அதன் தொழில். ஊர் வழக்கில் த்ரீடி டிவி. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தால், திரையில் நீந்துகிற மீன் துள்ளி வந்து உங்கள் மூக்கருகே வாலை ஆட்டும். மீனுக்கு அந்தத் திறமையைக் கொடுத்தது விஞ்ஞானம். அது ஒழுங்காகத் துள்ளுகிறதா என்று பார்த்தவள் ஜோதிகா.

ஜோதிகாவுக்கு இருபத்திரண்டு வயது. நெமிலிச்சேரி. தபால் வழியில் பி.காம். முடித்தவள். நிறுவனத்தில் அவளுக்குப் 'பார்வைப் பரிசோதகர்' என்று பதவி. ஜன்னல் இல்லாத ஓர் இருட்டறை, பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு பெட்டி வந்து நிற்கும். ஒன்றரை நிமிடப் படம் ஓடும். முதலில் ஒரு சிவப்புப் பந்து, பிறகு ஒரு பட்டாம்பூச்சி, கடைசியில் மீன். மூன்றும் சரியாக வெளியே வந்தால் பச்சைப் பொத்தான், வராவிட்டால் சிவப்பு. அடுத்த பெட்டி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை, ஒரு நாளைக்கு இருநூறு மீன்.

இதற்குச் சம்பளமும் உண்டு என்பதைக் கேட்டு, காசு கொடுத்து இதே படத்தைக் கடையில் பார்க்கிறவர்கள் பொறாமைப்படக்கூடும். ஜோதிகாவுக்குச் சம்பளத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இரண்டு வருடத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தால் நிரந்தர ஊழியர். அவள் அப்பா துலுக்கானம் இதே இடம் வயலாக இருந்தபோது நாள்கூலி. வயலில் கட்டடம் எழும்பியபோது கட்டடத்தில் நாள்கூலி. 'நாளைக்கும் வேலை இருக்கிறது' என்று அந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. முதலில் சொல்லப்போவது தான்தான் என்று ஜோதிகா முடிவு கட்டியிருந்தாள். அந்த ஏப்ரல் மாதம் அவள் கணக்கில் நானூற்றுப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

இடையில் ஒரே ஒரு பள்ளம். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்கிற பரிசோதகரை நிறுவனம் கைவிடாது. அவரை அன்போடு பேக்கிங் பிரிவுக்கு அனுப்பும். பேக்கிங் பிரிவு காகிதத்தில் வேறொரு காண்ட்ராக்டருக்குச் சொந்தம். அங்கே போனால் நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐயாயிரம் பெட்டி வாங்க முன்வந்த ஒரு கம்பெனி, 'உங்கள் பெட்டியைப் பார்ப்பவர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் முதலியவை வருவதில்லை என்பதற்கு ஆய்வு ஏதும் செய்திருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தது.

நலம் மற்றும் பாதுகாப்பு மேலாளர் கார்த்திகேசன் அன்றே உயர்மட்டக் கூட்டத்தைக் கூட்டினார். மூன்று பேர், ஆறு சமோசா. ஆய்வு செய்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. யாரை வைத்து என்ற கேள்வி எழுந்தபோது கார்த்திகேசனின் அறிவு மின்னியது. ஏற்கெனவே பன்னிரண்டு பேர் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

மறுநாள் காலை அவர் இருட்டறையில் விளக்கைப் போடச் சொல்லி உரையாற்றினார்.

"உலகத்திலேயே முதன்முறையா அறுபது நாள் முப்பரிமாண நல ஆய்வு. அதுல பங்கெடுக்கிற பாக்கியம் உங்களுக்குக் கிடைச்சிருக்கு. நீங்க புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம். வழக்கம்போலப் பாருங்க. சாயந்திரம் போகும்போது ஒரு படிவம், அவ்வளவுதான்."

பன்னிரண்டு பேரில் மூத்தவள் பஞ்சவர்ணம். பட்டாபிராமில் வீடு, இரண்டு பிள்ளைகள், வாயில் எப்போதும் ஒரு பதில். "பாக்கியம்ன்றீங்களே சார், அதுக்கு டீ எதுனா சேத்து உண்டா?" என்று கேட்டாள்.

"ஆய்வுக்குன்னு தனியா எதுவும் கொடுத்தா முடிவு கெட்டுடும்மா" என்றார் கார்த்திகேசன், வருத்தத்தோடு.

படிவம் எளிமையாக இருந்தது. 'இன்று தங்கள் கண் நலம் எப்படி?' என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்: நன்று, மிக நன்று, மிக மிக நன்று. எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற நியாய உணர்வோடு, கீழே 'மற்றவை' என்று அரை அங்குலம் விட்டிருந்தார்கள்.

முதல் வாரமே இரண்டு பேர் அந்த அரை அங்குலத்தில் 'தலைவலி' என்று எழுதிவிட்டார்கள். கார்த்திகேசன் அவர்களை அழைத்து, ஆய்வின் அடிப்படைத் தத்துவத்தைப் பொறுமையாக விளக்கினார்.

"இது ஆரோக்கியமானவங்களுக்கான ஆய்வும்மா. தலைவலி இருக்கிறவங்களை வெச்சு ஆய்வு பண்ணினா, டிவி பார்த்தா தலைவலி வரும்னு தப்பா முடிவு வந்துடும்ல?"

அவர்கள் பேக்கிங்குக்குப் போனார்கள். இரண்டாம் வாரம் மூன்று பேர் போனார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். அது 'காலை உணவு தொடர்பானது' என்று பதிவாயிற்று. இன்னொருத்தி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்து விழுந்தாள். அது 'போக்குவரத்துத் துறை சார்ந்தது.' காலியான நாற்காலிகளுக்குப் புதுப் பெண்கள் வந்தார்கள். பாதியில் வந்தவர்கள் என்பதால் அவர்கள் ஆய்வில் சேர்த்தி இல்லை.

இருபத்தாறாம் நாள் பஞ்சவர்ணத்தின் முறை. மதியம் கேன்டீனில் அவள் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து, கவனமாக, தட்டுக்கு நான்கு விரல் தள்ளி மேஜைமேல் ஊற்றினாள்.

"யக்கா, தட்டு இங்க கீது" என்றாள் ஜோதிகா.

"எது, முன்னாடி கீறதா, பின்னாடி கீறதா?"

"உனுக்கு ரெண்டு தெரியுதா?"

"ஊட்லயும் அப்டித்தான்டி. நேத்து என் ஊட்டுக்காரரு ரெண்டு பேரா வந்து நின்னாரு. ஒருத்தரையே வெச்சிகினு நான் படுற பாடு போதாதா?"

அன்று மாலை பஞ்சவர்ணம் அரை அங்குலத்தில் எழுதினாள். எழுத்தும் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

பேக்கிங்குக்குப் போன பஞ்சவர்ணம் நான்கு நாளில் ஒரு காரியம் செய்தாள். அங்கே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறு புத்தகம் போட வேண்டும். பதினான்கு மொழிகளில் 'நல எச்சரிக்கை.' தமிழ் மட்டும் இல்லை. அதிலும் நியாயம் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் பெட்டியைச் செய்கிறவர்கள், வாங்குகிறவர்கள் அல்லவே. அதில் ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஜோதிகாவிடம் நீட்டினாள்.

"நீதான் பி.காமு. இதுல இன்னா போட்டுக்கீதுன்னு படி."

ஜோதிகா ஆங்கிலப் பக்கத்தைப் படித்துச் சொன்னாள். கர்ப்பிணிகள் பார்க்க வேண்டாம். தூக்கம் கெட்டவர்கள் பார்க்க வேண்டாம். மது அருந்தியவர்கள் பார்க்க வேண்டாம்.

"அப்ப எங்க ஊட்ல தாராளமா வாங்கலாம், தெனம் குடிக்கிற மனுசன் பாக்க முடியாதே. ரிமோட்டு எங்கைலயே இருக்கும்."

"கேளுக்கா. மாடிப்படி பக்கத்துல டிவி வெக்கக்கூடாதாம். பாத்துட்டு எழுந்தா தடுக்கி உழுவாங்களாம். ஒரு மணி நேரம் பாத்தா பதினஞ்சு நிமிஷம் கண்ணுக்கு ரெஸ்ட் தரணுமாம். தலைவலி, கிறக்கம், ரெண்டா தெரியுறது, இதுல எது வந்தாலும் உடனே நிறுத்திடணுமாம்."

பஞ்சவர்ணம் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் பூந்தமல்லிச் சாலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தது.

"தெரிஞ்சுகினுதான் கீறாங்க" என்றாள்.

ஜோதிகா மறுநாள் கார்த்திகேசனிடம் புத்தகத்தைக் காட்டினாள். குறை என்று சொல்லவில்லை, சந்தேகம் என்று சொன்னாள். அவர் புன்னகைத்தார்.

"நல்ல கேள்வி. இதுல என்ன போட்டிருக்கு? 'பார்வையாளர்கள்' கவனத்துக்கு. நீ பார்வையாளரா?"

"டிவி பாக்குறேனே சார்."

"நீ பார்க்கலைம்மா. பரிசோதிக்கிறே. பார்க்கிறது பொழுதுபோக்கு, அதுல அபாயம் இருக்கு. உன்னோடது வேலை. வேலையில அபாயம் இருந்தா சட்டப்படி நாங்க அனுமதிப்போமா?"

இவ்வளவு தெளிவான விளக்கத்துக்குப் பிறகும் ஜோதிகாவின் தலை வலித்தது. உண்மையில் அது பத்து நாளாகவே வலித்தது. இடது புருவத்துக்கு மேலே ஆணி அடித்த மாதிரி ஆரம்பித்து, மூன்று மணிக்குப் பின்மண்டைக்குப் போகும். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் திட்டின்மேல் வைக்கிறேன் என்று காற்றில் வைத்தாள். தினமும் மாலை 'மிக நன்று' என்று குறித்தாள். நானூற்று நாற்பத்தெட்டாம் நாள் அது. இன்னும் முப்பத்திரண்டு.

மறுநாள் காலை இடது கண்ணில் தூசி விழுந்தது. கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தாள். மீன் துள்ளவில்லை. பேசாமல் திரைக்குள்ளேயே, கோயில் குளத்து மீன் மாதிரி, தன் பாட்டுக்குப் போயிற்று. பந்து தட்டையாக உருண்டது. பட்டாம்பூச்சி காலண்டரில் ஒட்டிய பட்டாம்பூச்சி ஆயிற்று. அரை மணி நேரத்தில் புருவத்து ஆணி கழன்றது.

வேலைக்குத் துரோகம் செய்யவும் அவளுக்கு மனமில்லை. ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் இறக்கி, வெறும் கண்ணால் ஒரு நொடி பார்த்தால் படம் இரட்டையாகக் கலைந்து தெரியும். அப்படித் தெரிந்தால் பெட்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பச்சைப் பொத்தான். மறுபடி கண்ணாடி, மறுபடி ஒற்றைக் கண். இருட்டறை, கறுப்புக் கண்ணாடி. உள்ளே எத்தனை கண் திறந்திருக்கிறது என்று கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் விட்ட பெட்டியில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஐம்பதாம் நாளுக்குள் மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். அறுபதாம் நாள் ஆய்வு இனிதே நிறைவுற்றது. கார்த்திகேசன் நாற்பது பக்க அறிக்கையை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார். வழவழப்பான தாள், அட்டையில் ஜோதிகாவின் சிரித்த படம். முக்கியமான வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது: 'அறுபது நாளும் தொடர்ந்து பார்த்தவர்களில் நூறு சதவீதத்தினர் பூரண நலத்துடன் உள்ளனர்.' நூறு சதவீதத்தினரின் வீடு நெமிலிச்சேரியில் இருக்கிறது என்பதை அறிக்கை அடக்கத்தோடு விட்டுவிட்டது.

அறிக்கை அன்றே மின்னஞ்சலில் கடல் கடந்தது. பதிலுக்கு, இரண்டே நாளில், வாங்குகிற கம்பெனியின் சென்னைப் பிரதிநிதி ரோஹித் நேரில் வந்தார். ஜோதிகா அவருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டாள். எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். படம் ஓடியது. மீன் துள்ளியபோது ரோஹித் தலையைப் பின்னால் இழுத்தார். பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் முதலாளியே கையால் முகத்தை மறைத்தார். கார்த்திகேசன் நாற்காலியோடு அரை அடி நகர்ந்தார். ஜோதிகா மட்டும், மின்சார ரயிலுக்குக் காத்திருப்பவளைப் போல, அப்படியே இருந்தாள்.

"அற்புதம்" என்றார் ரோஹித். "அறுபது நாள்ல கண் இவ்வளவு பழகிடுதா?" அவளிடம் தன் கார்டைக் கொடுத்தார். "எங்க கம்பெனி உங்ககூட ஒரு பேட்டி எடுக்க ஆசைப்படுவாங்க. கூப்பிடுங்க."

நானூற்றெண்பதாம் நாள் வந்தது. ஜோதிகா தலை வாரி, பூ வைத்து, மேலாளர் அறைக்குப் போனாள். கார்த்திகேசன் எழுந்து நின்றே வரவேற்றார்.

"உட்காரும்மா. உன் ஆர்டர் டைப் ஆகிட்டு இருக்கு. அதுக்குள்ள ஒரு உதவி. புதுப் பொண்ணுங்க வாரத்துக்கு ரெண்டு பேர் விழுறாங்க. நீ மட்டும் எப்படி? சொன்னா பயிற்சிக் கையேட்டுல உன் பேரைப் போட்டே எழுதிடுறேன்."

ஜோதிகா யோசித்தாள். நானூற்றெண்பது முடிந்துவிட்டது. புதுப் பெண்களில் ஒருத்தி நேற்றுதான் கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கண்ணை மூடிக்கினு பாத்தேன் சார். அவுங்களயும் அப்டியே பாக்கச் சொல்லுங்க. ஒண்ணும் ஆவாது."

கார்த்திகேசன் பேனாவை மூடி வைத்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

"எத்தனை நாளா?"

கடைசி முப்பத்திரண்டு நாள்தான் என்று அவள் விளக்கினாள். ஆனால் அவர் காதில் விழவில்லை. உயர்மட்டக் கூட்டம் மறுபடி கூடியது. மூன்று பேர்; இந்த முறை சமோசா இல்லை, விஷயம் அவ்வளவு கடுமை. ஒரு மணி நேரம் கழித்து அவளை அழைத்து முடிவைப் படித்தார்கள். பரிசோதகர் ஒருவர் இரண்டு கண்களுடன் பணியமர்த்தப்படுகிறார். ஒரு கண்ணை மட்டும் பணியில் ஈடுபடுத்தியவர் பாதிப் பணியே செய்தவராவார். எந்த நாளிலிருந்து என்பதற்குச் சாட்சி இல்லாததால், முதல் நாளிலிருந்தே என்று கொள்ளப்படுகிறது. ஆகவே ஜோதிகாவின் நானூற்றெண்பது நாள், இருநூற்று நாற்பது.

"நடுநிலையோட எடுத்த முடிவு" என்றார் கார்த்திகேசன். "உன் மேல எங்களுக்கு மரியாதை இருக்கிறதாலதான் பாதியாவது எண்ணினோம்."

ஜோதிகா அந்த எண்ணை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இருநூற்று நாற்பது. அப்பாவிடம் காலையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருப்பார். அவள் எழுந்தாள், பிறகு மறுபடி உட்கார்ந்தாள். பி.காம். படித்த மூளை பாதிக் கணக்கைப் பாதியில் விடவில்லை.

"சார், எனுக்கு எல்லா நாளும் பாதியா?"

"எல்லா நாளும்."

"அப்ப ஆய்வுல நான் இருந்த அறுவது நாளும் முப்பதுதான சார்?"

கால்குலேட்டர்மேல் இருந்த விரல் நின்றது.

"அதும் பாதி ஆளாத்தான் பாத்துகீறேன். அறுவது நாளு, நூறு சதவீதம்னு புக்கு போட்டு அனுப்ச்சிட்டீங்க. முப்பது நாளு, அரை ஆளுன்னு மாத்திடுங்க. ரோஹித் சாரு பேட்டி கேட்டுகீறாரு. நானும் அதையே சொல்லிடறேன், ரெண்டு பேரும் வேற வேற சொன்னா கம்பெனிக்கு அசிங்கம்."

அன்று மாலை நடந்த மூன்றாவது உயர்மட்டக் கூட்டம்தான் நிறுவனத்தின் வரலாற்றிலேயே சுருக்கமானது. 'ஆவணங்களைப் பரிசீலித்ததில், செல்வி ஜோதிகா பணிக்காலம் முழுவதும் இரு கண்களாலும் பார்த்தார் என்பது உறுதியாகிறது. இனியும் அவ்வாறே பார்ப்பார்.' நிரந்தரப் பணி ஆணை கையெழுத்தானது. துலுக்கானம் அதை இஸ்திரி போட்ட சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் காரணமில்லாமல் நடந்துவிட்டு வந்தார்.

ஆணையோடு ஒரு நீளமான படிவமும் வந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமான உடல்நலப் படிவம். ஏழு நாளில் நிரப்ப வேண்டும். நேராகக் காப்பீட்டு டாக்டருக்குப் போகும். நடுவில் யாரும் ஒரு புள்ளிகூடத் திருத்தக் கூடாது. நோய் இருக்கிறது என்பதற்காக நிரந்தர ஊழியரை வேறெங்கும் தள்ளவும் முடியாது.

அந்த ஏழு நாளும் ஜோதிகா கூட்டத் தீர்மானத்தை மீறவில்லை. இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, ஒரு நாளைக்கு இருநூறு மீன் என்று பார்த்தாள். ஏழாம் நாள் மேலாளர் அறையிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். கார்த்திகேசன் மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

'தற்போது ஏதேனும் உடல்நலக் குறை உண்டா?' உண்டு. தலைவலி, கிறக்கம், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது.

'எந்த வேளையில்?' காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை. ஞாயிறு விடுமுறை.

'இதே குறை குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தால் பெயரும் உறவும் எழுதுக.'

ஜோதிகா எழுதத் தொடங்கினாள். பஞ்சவர்ணம். வேம்புலியம்மாள். எழிலரசி. கட்டம் நிறைந்தது, ஓரத்தில் எழுதினாள், பிறகு தாளைத் திருப்பினாள். பதினோரு பெயர்.

"என்னம்மா இது" என்றார் கார்த்திகேசன். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "குடும்பத்துல இருக்கிறவங்களைத்தானே கேட்டிருக்கு. இவங்கெல்லாம் உனக்கு என்ன உறவு?"

"அதையும் எழுதிக்கீறேன் சார், பாருங்க" என்று படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், ஒரே மாதிரி, நிதானமான கையெழுத்தில் இருந்தது: 'என் பக்கத்து நாற்காலி. இவருக்கும் வலிக்கும் என்று கம்பெனிக்கு முன்பே தெரியும்.'